அண்டோராவை உருவாக்கினது சார்லமேனா, சம்பந்தி சண்டையா?

மலைக்காத்து: பிரான்சுக்கும் ஸ்பெயினுக்கும் நடுவுல பைரனீஸ் மலையில இருக்கிற அண்டோரா, மொத்தமே 468 சதுர கிமீ தான், அதை அரபுகள்கிட்ட இருந்து மீட்டு குடுத்தது அந்தக்கால பிராங்கு பேரரசர் சார்லமேன்னு அவங்க தேசிய கீதமே சொல்லுது. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?

பழையஏடு: தேசிய கீதம்லாம் சாட்சியா பாஸ்? சார்லமேன் குடுத்ததா காட்டுற பட்டயமே போலி. நிஜத்துல 988ல உர்ஜெல் பிரபு பொரெல் இந்த பள்ளத்தாக்கை உர்ஜெல் ஊர் பிஷப்புக்கு குடுத்துட்டு செர்தான்யா பக்கம் நிலம் வாங்கிக்கிட்டார். பிஷப்புக்கு படைபலம் பத்தல, காவலுக்கு கபோயெட் குடும்பத்தை வச்சார், அந்த வீட்டு பொண்ணு அர்னால்டா காஸ்டெல்போ குடும்பத்துல வாக்கப்பட, அவ மக எர்மெசெண்டா 1208ல பிரான்ஸ் பக்கத்து ஃபுவா பிரபு வீட்டுக்கு மருமகளா போக, காவக்காரன் உரிமை கடைசியில மலைக்கு அந்தப்பக்கம் இருந்த பெரிய இடத்துக்கு போயிடுச்சு. பிஷப் விடுவாரா? அடிதடி தான்.

சும்மாவந்தவன்: அந்த எர்மெசெண்டா பாவம்யா, செத்து ரொம்ப வருஷம் கழிச்சு 1269ல மதத்துரோகின்னு தீர்ப்பு எழுதி எலும்பை தோண்டச் சொன்னாங்க

மலைக்காத்து: சரி பட்டயம் போலி, ஒத்துக்கிறேன். ஆனா ரெண்டு பணக்கார வீட்டு சண்டையில எப்படி நாடு பொறக்கும்?

பழையஏடு: ரெண்டு பேராலயும் முழுங்க முடியலையே, அதான். 1278ல ஒப்பந்தம், ரெண்டு பேரும் கூட்டு எஜமான், வரி ஒரு வருஷம் உனக்கு மறுவருஷம் எனக்கு. ஃபுவாக்காரர் சான்ட் விசென்ஸ் குன்றுல கோட்டை கட்ட ஆரம்பிச்சார், 1288ல ரெண்டாவது ஒப்பந்தம் போட்டு அதை இடிக்க வச்சாங்க, இனிமே ரெண்டு பேர் சம்மதம் இல்லாம கோட்டை கட்டக்கூடாதுன்னுட்டாங்க. கோட்டை இல்லாத ஊரை எவன் தனியா பிடிச்சு வச்சுக்க முடியும்?

மலைக்காத்து: கோட்டை இல்லன்னா வேற எவனாவது வந்து பிடிச்சிருப்பான். அந்த குடும்பம்லாம் இன்னைக்கு எங்க? ஃபுவா உரிமை நவார் ராஜ வம்சம் வழியா போயி, 1589ல அந்த வம்சத்து நாலாம் ஹென்றி பிரெஞ்சு ராஜா ஆனதோட பிரெஞ்சு ராஜாகிட்ட சேந்துச்சு, இப்ப பிரான்ஸ் ஜனாதிபதிகிட்ட இருக்கு. மாறாம இருந்தது ஊர்க்காரங்க, 1419லயே அனுமதி வாங்கி சொந்தமா சபை வச்சிருக்காங்க. 1793ல பிரெஞ்சு புரட்சி அரசாங்கம் இது பிரபுக்கள் கால வழக்கம், உங்க வரி வேணாம்னு தள்ளிவிட்டப்ப இவங்களே போயி வாங்கிக்கோங்கன்னு கேட்டு 1806ல நெப்போலியன்கிட்ட பழையபடி ஆக்கிக்கிட்டாங்க. வரி கட்ட கெஞ்சின ஜனம் வேற எங்கயாவது உண்டா?

பழையஏடு: கெஞ்சினது எதுக்குன்னு யோசிங்க, ஒரு எஜமான் போயிட்டா இன்னொருத்தர் கையில தனியா மாட்டிக்குவோம்னு தானே. அந்த பயத்தை உண்டாக்கினதே 1278 ஒப்பந்தம்தான்.

சும்மாவந்தவன்: பிஷப்புக்கு பன்னித்தொடை, பாலாடைக்கட்டி, சேவல்னு அனுப்புவாங்களாமே, இப்பவும் போகுதா?

மலைக்காத்து: 1993ல அரசியல் சட்டம் வந்ததோட அது முடிஞ்சுது. பிஷப்போட கூட்டு எஜமான் பதவி மட்டும் இன்னும் இருக்கு.