புதுப்பிப்பு: மேலே போனதும் படுத்துவிடும் எஸ்எம்பி, சரியாகிவிட்டது

சிங்கப்பூரின் புலாவ் ஹந்து தீவில் டைவ் செய்யும்போது, எஸ்எம்பி (நாம் இருக்கும் இடத்தைக் காட்ட நீருக்கடியிலிருந்து கயிற்றில் மேலே அனுப்பும் காற்றுப் பை) மேலே வந்ததும் காற்றிழந்து சாய்கிறது என்று கேட்டிருந்தேன். பதில் தந்தவர்களுக்கு நன்றி.

காரணம், அடி திறந்த பை. கயிறு தளர்ந்தால் பை சாயும்; பையின் திறந்த வாய்வழியே காற்று போய்விடும். கயிற்றை இறுக்கிப் பிடிக்கச் சொன்ன யோசனை ஓரளவுக்குத்தான் உதவியது (அலையில் எவ்வளவு நேரம்தான் இழுத்துக்கொண்டிருப்பது?). கைகொடுத்தது, ஒருவழி வால்வும் அழுத்த விடுவிப்பு வால்வும் உள்ள 1.8 மீட்டர் மூடிய பை. 10 மீட்டர் ஆழத்தில் பாதி நிரப்பினால் போதும். மேலே அழுத்தம் பாதியாகக் குறைவதால் காற்று விரிந்து முழுதாகிவிடும்.

எதிர்பாராதது: புதுப் பையும் மூன்றாவது டைவில் கசிந்தது. விடுவிப்பு வால்வில் மணல்! வால்வை இழுத்து இழுத்து நல்ல தண்ணீரில் அலசியதும் நின்றது.

இப்போது பையும் 30 மீட்டர் கயிறு சுற்றிய ஸ்பூலும் தொடைப் பாக்கெட்டில். பிசிடியில் (மிதப்பைக் கட்டுப்படுத்தும் டைவ் ஜாக்கெட்) தொங்கவிட்டால் பவளத்தில் சிக்கும்.