ஜென்டூவில் ரஸ்ட் வராமல் தடுக்க வழி உண்டா?

வணக்கம் உறவுகளே, கொக்குவிலில் இருந்து எழுதுகிறேன். அம்மப்பா சேர்த்து வைத்த பழைய கோயில் திருவிழாத் துண்டுப்பிரசுரங்களை ஸ்கேன் செய்து சீராக்க வேண்டும். அதற்கு எனக்குத் தேவை படங்களைத் திருத்தும் மென்பொருளான இமேஜ்மேஜிக் மட்டுமே. மடிக்கணினியில் இருப்பது 4 ஜிபி நினைவகமும், மென்பொருள்களை மூலநிரலிலிருந்து தொகுத்து நிறுவும் ஜென்டூ லினக்ஸும்.

நிறுவும் முன், ஜென்டூவின் நிறுவல் கட்டளையான எமர்ஜ் காட்டிய சார்பு மரத்தை (கூடவே தேவைப்படும் மென்பொருள்களின் பட்டியலை) பார்த்துத் திகைத்துவிட்டேன். நான் தேர்ந்த டெஸ்க்டாப் புரொஃபைல் (முன்னமைவுத் தொகுப்பு) எஸ்விஜி என்ற யூஸ் கொடியை, அதாவது எஸ்விஜி படவகைக்கான விருப்ப வசதியை, இயக்கி வைத்திருக்கிறது. அது எஸ்விஜி படங்களை வரைந்து காட்டும் லிப்ஆர்எஸ்விஜி நூலகத்தை இழுக்கிறது. அந்த நூலகம் ரஸ்ட் என்ற நிரல்மொழியில் எழுதப்பட்டதால் ரஸ்ட் தொகுப்பியே வரிசையில் வந்து நிற்கிறது! அதை மூலநிரலிலிருந்து தொகுக்க இந்தக் கணினி தாங்காது; இடையில் மின்சாரம் போனால் பட்ட பாடெல்லாம் வீண்.

கொடிகளை மென்பொருள்வாரியாக மாற்றும் பேக்கேஜ்.யூஸ் கோப்பில் இமேஜ்மேஜிக்குக்கு மட்டும் அந்தக் கொடியை அணைத்தேன். அந்தக் கிளை மறைந்தது. ஆனால் படம் பார்க்க நான் விரும்பும், ஜிடிகே 3 என்ற வரைகலைக் கருவித்தொகுப்பில் அமைந்த செயலியைச் சேர்த்தால், அதற்கான அத்வைதா ஐகான்கள் வழியாக லிப்ஆர்எஸ்விஜி திரும்பவும் வருகிறது.

முன்தொகுத்த ரஸ்ட்-பின் கிடைக்கிறது என்பது தெரியும். அதை நிறுவி, வேலை முடிந்ததும், தேவையற்றவற்றை அகற்றும் டெப்கிளீன் மூலம் நீக்கினால் அடுத்த மேம்படுத்தலில் மறுபடி கேட்குமா? லிப்ஆர்எஸ்விஜியை, ஏற்கெனவே நிறுவியிருப்பதாகக் கணக்குக் காட்டும் பேக்கேஜ்.புரொவைடட் கோப்பில் எழுதிச் சமாளித்தவர்கள் இருக்கிறீர்களா? ஐகான்கள் தெரிகின்றனவா? அனுபவப்பட்ட அண்ணாமார், அக்காமார் தயவுசெய்து சொல்லுங்கள். தாள்கள் உதிரத் தொடங்கிவிட்டன.