பிரசவத்துக்குப் பிறகு வீட்டுக்கு வந்த டூலா: மதுரைப் பக்கத்து அனுபவங்கள்

டூலா வந்து உதவியது எப்படி இருந்தது, ஆளை எப்படிப் பார்த்து எடுப்பது என்று கேட்டதற்கு வந்த பதில்கள் இவை.

அண்ணா நகரிலிருந்து:

எனக்குச் சிசேரியன், மகள் பிறந்தது சித்திரைத் திருவிழா சமயம், வெயிலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அம்மாவுக்கு முழங்கால் வலி, கீழே உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது, மாமியாருக்கும் உடம்பு சரியில்லை, அதனால் வீட்டுக்காரர் விசாரித்து டூலா ஒருவரை வரச் சொல்லியிருந்தார். "யாரு அது, ஆயாவா நர்ஸா?" என்று அம்மா கேட்டார். இரண்டும் இல்லை. அவர் ஊசி போட மாட்டார், மருந்து சொல்ல மாட்டார், தையலைத் தொட மாட்டார். பிள்ளை பெற்றவள் தேறி வரவும், பால் கொடுத்துப் பழகவும், வீட்டில் இருப்பவர்கள் ஆளுக்கொரு வேலையை எடுத்துக்கொள்ளவும் கூட இருந்து உதவுகிறவர். காலையில் வருவார், சில மணி நேரம் இருந்துவிட்டுப் போவார்.

எனக்குப் பெரிய பாடு பால் கொடுப்பதுதான். பிள்ளையை மடியில் போட்டால் தையலில் அழுத்தி உயிர் போகும். அந்த டூலா அக்கா பக்கவாட்டில் தலையணையை அடுக்கி, பிள்ளையின் கால் என் முதுகுப் பக்கம் போகிற மாதிரி கக்கத்துக்குக் கீழே படுக்க வைத்துக் கொடுத்தார். வயிற்றில் பாரமே இல்லை. காம்பை மட்டும் சப்பினால் புண்ணாகும், சுற்றியுள்ள கருவட்டமும் வாய்க்குள் போக வேண்டும், பிள்ளையின் தாடை மார்பில் படிய வேண்டும் என்று பொறுமையாகத் திருப்பித் திருப்பிக் காட்டினார். வெடிப்பும் வலியும் அதற்கப்புறம்தான் குறைந்தன.

சாயங்காலம் ஆனால் பிள்ளை அழுதுகொண்டே அடிக்கடி பால் கேட்கும். உடனே வீட்டில் "பால் பத்தலை, பவுடர் பால் வாங்கு" என்று ஆரம்பித்துவிடுவார்கள். அக்கா யாரிடமும் வாதாடவில்லை. பிறந்த முதல் சில நாளில் பிள்ளை எடை கொஞ்சம் குறையும், இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடைக்குத் திரும்ப வேண்டும். ஐந்தாம் நாளுக்கு மேல் ஒரு நாளைக்கு 6 துணியாவது நனைந்தால் பால் போதுமான அளவு போகிறது என்று சொல்லி, தினசரி காலண்டர் தாளின் பின்பக்கத்தில் பால் குடித்த நேரம், சிறுநீர், மலம் எல்லாவற்றையும் குறிக்கும் பொறுப்பை அம்மாவிடமே ஒப்படைத்தார். கணக்கு அம்மா கையில் வந்ததும் பவுடர் பால் பேச்சு நின்றது. என்னைக் கேட்டால் அந்த அக்கா செய்த மிகப் பெரிய உதவி இதுதான். அம்மாவை ஒதுக்கி வைத்துவிட்டு அவர் எனக்கு எதையும் செய்யவில்லை.

தண்ணீர் விஷயத்திலும் அப்படித்தான். பச்சை உடம்புக்காரி தண்ணி குடித்தால் வயிறு ஊதும், தையலில் சீழ் பிடிக்கும் என்று அம்மாச்சி ஒரு டம்ளருக்கு மேல் தர மாட்டார், ஆனால் வெயிலுக்குப் பிள்ளைக்குச் சீனித் தண்ணி கொடுக்கச் சொல்வார். அக்கா இரண்டையும் மாற்றினார். ஆறு மாதம் வரை எந்த வெயிலிலும் தாய்ப்பாலே போதும், தண்ணி வேண்டியது தாய்க்குத்தான் என்றார். "ஆச்சி, நீங்களே சீரகம் போட்டுக் கொதிக்க வச்சு ஆத்திக் கொடுங்க, தாகம் எடுக்கிறப்பல்லாம் குடிக்கட்டும்" என்றதும் அம்மாச்சி ஒத்துக்கொண்டார். பூண்டுக் குழம்பு, சுறாப்புட்டு எதையும் அவர் நிறுத்தவில்லை, சோறு மட்டும் கூடுதலாக வைக்கச் சொன்னார். ராத்திரி பால் கொடுத்து முடித்ததும் ஏப்பம் விட வைப்பதும் துணி மாற்றுவதும் வீட்டுக்காரர் வேலை ஆனது, எனக்குச் சேர்ந்தாற்போலக் கொஞ்ச நேரம் தூக்கம் கிடைத்தது.

மேலூரிலிருந்து:

எங்கள் மதினிக்கு டூலா வந்தபோது நான் பயந்தது, எங்கள் தெருவில் பிள்ளைகளைக் குளிப்பாட்டுகிற ஆயாவுக்கும் அவருக்கும் ஒத்துப்போகுமா என்றுதான். "எத்தனை பிள்ளைய இந்தக் காலுல போட்டுக் குளிப்பாட்டிருக்கேன், எனக்குச் சொல்லித் தர்றியா?" என்று ஆயா முதல் நாளே கேட்டுவிட்டார். டூலா அம்மா ஆயாவின் பக்கத்தில் உட்கார்ந்து, காலை நீட்டி எப்படிப் பிடிக்கிறீர்கள், கழுத்தை எப்படித் தாங்குகிறீர்கள் என்று கேட்டுப் பார்த்து, நன்றாக இருக்கிறது என்று மனதாரச் சொன்னார். அப்புறம்தான் மூக்கிலும் காதிலும் எண்ணெய் விட வேண்டாம், பிறந்த பிள்ளையின் மார்பில் வீக்கம் இருந்தால் பிழிய வேண்டாம், அது தானாக வற்றும், பிழிந்தால் சீழ் வைக்கும், சாம்பிராணிப் புகையை முகத்துக்கு நேரே காட்ட வேண்டாம் என்றார். எண்ணெய் தேய்ப்பதைத் தடுக்கவில்லை. ஆயா முணுமுணுத்தார்தான், ஆனால் கேட்டார்.

எல்லாராலும் டூலாவுக்குப் பணம் கொடுக்க முடியாது என்பதையும் சொல்ல வேண்டும். எனக்கு அரசு ஆஸ்பத்திரியில் சுகப் பிரசவம், கிராம சுகாதாரச் செவிலியர்தான் வீட்டுக்கு வந்து பார்த்தார், காசு எதுவும் இல்லை. அவரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள்.

திருமங்கலத்திலிருந்து, ஒரு அப்பா:

ஆண்களும் எழுதலாம் என்று நினைக்கிறேன். பிரசவமான முதல் சில நாள் காரணமில்லாமல் அழுகை வருவது நிறையப் பேருக்கு உண்டு, பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள் சரியாகிவிடும். என் மனைவிக்குச் சரியாகவில்லை. பிள்ளை தூங்கும்போதுகூட அவள் தூங்க மாட்டாள், "என்னால இதை வளக்க முடியாது" என்று சுவரைப் பார்த்துக்கொண்டு சொல்வாள். வீட்டில் திருஷ்டி என்றார்கள், மந்திரிக்கக் கூட்டிப்போனார்கள். எங்களுக்கு உதவ வந்த டூலா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "தம்பி, இது நான் பார்க்கிற விஷயம் இல்ல, மனநல டாக்டர்கிட்ட இன்னைக்கே காட்டுங்க, இவங்களைத் தனியா விடாதீங்க" என்றார். தனக்கு மேற்பட்டது எது என்று தெரிந்து சொன்ன அந்த ஒரு வார்த்தைக்கு நான் என்றைக்கும் நன்றியோடு இருப்பேன். டாக்டர் பால் கொடுக்கும்போது சாப்பிடக்கூடிய மாத்திரையாகவே எழுதினார், தேறி வர மாதங்கள் ஆயின, இப்போது நன்றாக இருக்கிறாள். ராத்திரியில் யாரிடம் பேசுவது என்று தெரியாவிட்டால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்குக் கூப்பிடுங்கள், அது அரசின் மனநல உதவி எண், இலவசம், தமிழிலேயே பேசலாம்.

மறுபடியும் அண்ணா நகர்:

ஆளை எப்படிப் பார்த்து எடுப்பது என்று கேட்டிருந்தீர்கள். டாக்டர், நர்ஸ் மாதிரி டூலாவுக்கு அரசுப் பதிவு கிடையாது, அதனால் எங்கே பயிற்சி எடுத்தார் என்று கேளுங்கள், அவர் போன வீட்டு அம்மா ஒருவரிடமாவது பேசுங்கள். சமையல் செய்வாரா, ராத்திரி தங்குவாரா, எத்தனை மணி நேரம், எல்லாவற்றையும் ஏழாவது எட்டாவது மாதத்திலேயே பேசி முடித்துவிடுங்கள். இன்னொரு கேள்வியும் உண்டு: எப்போது உடனே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்வீர்கள்? பிள்ளை பால் குடிக்காமல் துவண்டு கிடந்தால், காய்ச்சல் அடித்தால், மஞ்சள் காமாலை உள்ளங்கால் வரை இறங்கினால், தாய்க்கு ஒரு மணி நேரத்துக்குள் பேடு முழுக்க நனைகிற அளவு ரத்தம் போனால், கடும் தலைவலி வந்தால் என்று தயங்காமல் பதில் வர வேண்டும். கைவைத்தியத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்கிற ஆள் நமக்கு வேண்டாம்.