நட்சத்திரத்தை இறக்கிய பிறகு

பாளை மகள்:
அப்பா இறந்தது டிசம்பர் 27. அவர் வாசலில் கட்டிய நட்சத்திரம் எரிந்துகொண்டிருந்தது. ஆம்புலன்ஸிலிருந்து இறக்கும்போது அந்தச் சிவப்பு வெளிச்சம் அவர் முகத்தில் பட்டுப் பட்டு மறைந்தது. யாரோ அணைக்கப் போனார்கள். "அவர் போட்டது, இருக்கட்டும்" என்றார் அம்மா.

31ஆம் தேதி இரவு ஆராதனைக்கு அம்மா கிளம்பிவிட்டார், நானும் கூடப் போனேன். புது வருடத்துக்கென்று வேதவசனம் எழுதிய வாக்குத்தத்த அட்டை ஒன்று எடுத்தார். கண்ணாடி கொண்டுவரவில்லை, என்னிடம் நீட்டினார். புலம்பல் 3:23. "அவைகள் காலைதோறும் புதியவைகள்" வரை வாசித்தேன். "உமது உண்மை பெரிதாயிருக்கிறது" எனக்கு வாயில் வரவேயில்லை. அம்மாவே மனப்பாடமாகச் சொல்லி முடித்தார். ஆறு வருடமாக அது உறுத்துகிறது.

குளச்சல் தம்பி:
அக்கா, எனக்கும் அந்த வாரம்தான். 2004, கிறிஸ்மஸுக்கு மறுநாள், ஞாயிறு. எனக்குப் பத்து வயது. சுனாமி அலையைப் பற்றி எழுதவில்லை, எல்லோருக்கும் தெரியும். ராத்திரி ஒரு பள்ளிக்கூடத்தில் இருந்தோம். சித்தியைக் காணவில்லை. பாட்டி மடியில் முந்திரிக்கொத்து டப்பா. ஓடும்போது அதை எதற்கு எடுத்தோம் என்று அவருக்கே தெரியாது. அங்கிருந்த பிள்ளைகளுக்கெல்லாம் ஆளுக்கொன்று கொடுத்துவிட்டுச் செபமாலை தொடங்கினார். குரல் உடைந்தது, ஆனால் நிறுத்தவில்லை. இனிப்பு வாயில் இருக்க நான் பதில் செபம் சொன்னேன்.

ஓய்வுபெற்ற ஆசிரியர்:
சகோதரி, அட்டையை வைத்து மனதை வருத்திக்கொள்ளாதீர்கள். அதைச் சீட்டுக் குலுக்கல் மாதிரி ஆக்கிவிட்டோம். அதிகாரத்தை முதலிலிருந்து வாசியுங்கள். எருசலேம் இடிந்து கிடக்கும்போது பாடிய புலம்பல் அது. 18ஆம் வசனத்தில் நம்பிக்கை அழிந்துபோயிற்று என்றே வருகிறது. அதைச் சொன்ன அதே வாய்தான் 23ஐயும் சொல்கிறது. அப்புறம் லூக்கா 2ஐ மேய்ப்பரோடு நிறுத்திவிடாதீர்கள். பிள்ளை இயேசுவை ஆலயத்துக்குக் கொண்டுபோகிறார்கள். கையில் பறவைக் காணிக்கைதான், ஆட்டுக்குட்டிக்கு வசதியில்லாதவர்கள் கொடுப்பது. அங்கே இருந்த அன்னாள் ஏழு வருடம் மட்டுமே புருஷனோடு வாழ்ந்தவள், வயது ஏறக்குறைய 84. ஆலயத்தை விட்டு நீங்கவில்லை. உங்கள் அம்மாவுக்கு இதை வாசித்துக் காட்டுங்கள். இந்த வருட நட்சத்திரத்தையும் அவசரமாக இறக்க வேண்டாம், ஜனவரி 6 வரை இருக்கலாம்.

என் மனைவிக்குப் போன ஜனவரியில் கீமோ தொடங்கியது. நாலாம் நாள் காலை, நான் போட்ட காபி ஒரு மிடறு உள்ளே இறங்கியது. "ஸ்தோத்திரம்" என்றாள்.

பாளை மகள்:
ஐயா, அம்மாவுக்கு அது சீட்டு இல்லை. இன்னும் வேதாகம உறைக்குள் வைத்திருக்கிறார். ஆனால் 18ஆம் வசனத்தை இன்றைக்குத்தான் வாசித்தேன். என்னிடம் யாரும் இதைச் சொன்னதில்லை. மூன்று தடவை வாசித்தேன்.
தம்பி, சித்தி?

குளச்சல் தம்பி:
மூன்றாம் நாள் கிடைத்தார் அக்கா. உயிரோடு இல்லை. ஜனவரி 2, ஞாயிறு பூசைக்குப் பாட்டி கிளம்பினார். நான்தான் கைபிடித்துக் கூட்டிப்போனேன்.