ரப்பர் பால் பூசிய வாளும் டிசம்பர் மாதத்துக் கே.எல். பயணமும்

டிசம்பரில் கோலாலம்பூரில் (கே.எல்.) நடக்கும் அனிமே, அதாவது ஜப்பானியக் கார்ட்டூன், காமிக்ஸ் விழாவான காமிக் ஃபியெஸ்டாவுக்குப் போய்வந்த நம் பேராக் சுங்கை சிப்புட் பிள்ளைகள் ஆளுக்கொரு நினைவை எழுதலாம் என்று போன மாதம் பேசிக்கொண்டோம். யாரும் தொடங்கவில்லை, சரி, நானே தொடங்குகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுமையாகப் படியுங்கள்.

நான் முதன்முதலில் போனது 2013இல், படிவம் 4 படிக்கும்போது. 2002இலேயே ஆரம்பித்த விழா அது, ஆனால் தோட்டத்து வீட்டு வரிசையான எங்கள் லயத்தில் ஒருவருக்கும் அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. அனிமே என்றால் எனக்கு டிவியில் மலாய் பேசும் டோராமோன், அப்புறம் முடிவெட்டும் கடையில் அட்டை கிழிந்து கிடக்கும் ‘முத்தியாரா நாகா’, அதாவது டிராகன் பாலின் மலாய்ப் பதிப்பு, அவ்வளவுதான். கடையில் கூட்டம் இருக்கும் நேரமாகப் பார்த்துத்தான் முடிவெட்டப் போவேன், அப்போதுதான் என் முறை வருவதற்குள் ஒரு புத்தகம் முடிக்கலாம். பள்ளியில் ஒரு சீன நண்பன் கைப்பேசியில் படங்களைக் காட்டினான். கே.எல்.சி.சி. மாநாட்டு மையம் நிறைய ஜனம், எல்லாரும் கதையிலிருந்து எழுந்து வந்தவர்கள் மாதிரி உடுத்திக்கொண்டு. அன்றிரவு எனக்குத் தூக்கமே வரவில்லை. போனால் ‘ப்ளீச்’ தொடரின் இச்சிகோவாகத்தான் போவது என்று முடிவு செய்துவிட்டேன். ஆரஞ்சு முடி, கறுப்புக் கிமோனோ, இடுப்புக்குக் கீழே மடிப்பு மடிப்பாகத் தொங்கும் கறுப்பு ஹக்காமா, முதுகில் ஆள் உயர வாள்.

அம்மா லயத்தில் துணி தைப்பவர். தீபாவளிக்கு முன் அவரிடம் வாயைத் திறக்க முடியாது, வீட்டில் கால் வைக்க இடமில்லாமல் ரவிக்கைத் துணியாகக் கிடக்கும். அந்த வருடம் தீபாவளி நவம்பர் 2. பலகாரமெல்லாம் தீர்ந்து வீடு அடங்கின பிறகு பயந்துகொண்டே படத்தைக் காட்டினேன். அம்மா கண்ணாடியைப் போட்டு ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, “இது பாவாடையாடா, சிலுவாரா? முன்னாடி அஞ்சு மடிப்பு வருதே” என்றார். எத்தனை தடவை அந்தப் படத்தைப் பார்த்திருப்பேன், நான் மடிப்பை எண்ணியதில்லை. ஹக்காமாவுக்கு முன்பக்கம் 5 மடிப்புதான் முறை என்பதைப் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். அம்மா தமிழ்ப்பள்ளி விழாக்களுக்குப் பரதநாட்டிய உடை தைத்த கை. விசிறி மடிப்பு அவருக்குப் பழக்கம். ஒவ்வொரு மடிப்பையும் விரலால் அளந்து ஊசி குத்தி, வெள்ளை நூலால் ஓட்டுத்தையல் போட்டு, ஈரத்துணி விரித்து மேலே இஸ்திரி தேய்த்தார். ஆவியில் கறுப்புச் சாயத்தின் வாடை வந்தது. “இந்த நூலை இங்க பிரிச்சுடாதே, பஸ்ஸு ரயில்னு போற, மடிப்பு கலைஞ்சிரும். அங்க போய்ச் சேர்ந்ததும் ஒரு முனையப் பிடிச்சு இழு, மொத்தமா வந்துரும்” என்றார்.

வாள் அப்பாவின் வேலை. அப்பா ஒருவருடைய 8 ஏக்கர் தோட்டத்தில் பால் மரம் வெட்டுகிறார், அதாவது ரப்பர் மரத்துப் பட்டையைக் கீறிப் பால் எடுக்கிறார். வருடக் கடைசியில் மழை பிடித்துக்கொண்டால் மரம் நனைந்துவிடும், நனைந்த மரத்தில் வெட்டினால் பால் மங்கில், அதாவது மரத்தில் கட்டிய கோப்பையில், இறங்காமல் பட்டை மேலேயே பரவி வீணாகும். அதனால் அந்த நாட்களில் அப்பா வீட்டில்தான் இருப்பார். வேலை இல்லையென்றால் கூலியும் இல்லை, அது எனக்கு அந்த வயதில் உறைக்கவே இல்லை, வாள் செய்ய அப்பாவுக்கு நேரம் கிடைத்ததே என்று சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தேன்.

உள்ளே உலோகம் கொண்டுபோக விடமாட்டார்கள். அதனால் குழந்தைகள் விளையாடத் தரையில் விரிக்கும் ஃபோம் பாயை பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) வாங்கி, நடுவில் பி.வி.சி. குழாய் வைத்து ஒட்டி, அப்பா வெட்டிக் கொடுத்தார். வடிவம் அருமையாக வந்துவிட்டது. சாயம் அடித்தால்தான் வம்பு, ஃபோம் அப்படியே குடித்துவிடுகிறது, எத்தனை முறை அடித்தாலும் திட்டுத்திட்டாக நிற்கிறது. இணையத்தில் தேடினால் ரப்பர் பூச்சு என்று டின்னில் விற்கிறார்கள், அதை முதலில் அடித்து மூடிவிட்டுத்தான் சாயம் அடிக்க வேண்டும் என்று போட்டிருந்தது. விலையைப் பார்த்து நான் வாயை மூடிக்கொண்டேன். அப்பாதான் கேட்டார், “ரப்பர்தானடா வேணும்?”

அடுத்து மழை விட்ட நாளில் ஒரு மினரல் தண்ணி போத்தலில் பால் கொண்டுவந்தார், உறையாமல் இருக்கச் சில சொட்டு அமோனியா விட்டு. ஒரு பூச்சு, விசிறிக் காற்றில் காய விடுவது, மறுபடி ஒரு பூச்சு, இப்படி ஆறு பூச்சு. வெள்ளையாகப் பூசுவது காயக் காயக் கண்ணாடி மாதிரி மாறி, கடைசியில் லேசான தேன் நிறத்தில் நின்றது. மேலே அடிக்கும் வெள்ளிச் சாயம் வளைக்கும்போது வெடித்துவிடும் என்று அதிலும் கொஞ்சம் பாலைக் கலந்தார். யாரும் அவருக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. மூன்று நாள் வீடே நாறியது, அம்மா ஒரு வார்த்தை சொல்லவில்லை.

பஸ்ஸில் கொண்டுபோக வாளை இரண்டு துண்டாகக் கழற்றி மாட்டும்படி செய்திருந்தோம். ஆனால் அந்தக் காலையில் பஸ்ஸுக்கு நிற்க நேரமில்லை. விடியற்காலை நாலு மணிக்கு அப்பா மோட்டாரில் ஈப்போ வரை, 30 கிலோமீட்டர், நான் பின்னால் வாளை நெஞ்சோடு கட்டிப் பிடித்துக்கொண்டு. அப்புறம் இ.டி.எஸ். ரயில், கே.எல். சென்ட்ரலில் இறங்கி எல்.ஆர்.டி. படம் காட்டிய அந்தச் சீன நண்பன் வேறு வரிசையில் மாட்டிக்கொண்டான். நான் கழிவறையில் உடை மாற்றி, அம்மா சொன்ன மாதிரியே நூல் முனையைப் பிடித்து இழுத்தேன். ஒரே இழுப்பில் சரசரவென்று வந்தது. ஐந்து மடிப்பும் கத்தி முனை மாதிரி நின்றன. அந்த நூலை இன்னும் வைத்திருக்கிறேன்.

வரிசையில் நிற்கும்போதுதான் சுற்றிப் பார்த்தேன். கண்ணுக்கெட்டிய வரை நம்மவர் ஒருவரும் இல்லை. பின்னால் நின்ற இரண்டு பேர் கறுப்பு இச்சிகோ என்று மலாயில் சொல்லிச் சிரித்தது காதில் விழுந்தது. திரும்பிப் பார்க்கவில்லை, ஆனால் வயிறு என்னவோ செய்தது. ஆயுதச் சோதனை மேசையில் இருந்த தொண்டர் வாளை விரலால் அழுத்திப் பார்த்தார், முகர்ந்து பார்த்தார், இன்னொருவரைக் கூப்பிட்டார். பிடுங்கிக்கொள்வார்கள் என்றே நினைத்துவிட்டேன். அப்போது பக்கத்தில் முழுக் கவசத்தோடு ஒருவர் வந்து நின்றார். ‘ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்ட்’ கதையில் உடம்பை இழந்து இரும்புக் கவசத்துக்குள் உயிர் மட்டும் தங்கியிருக்கும் தம்பி அல்போன்ஸ், ஏழடிக்குக் குறையாது. அந்தத் தலைக்கவசத்துக்குள்ளிருந்து ஒரு குரல்.

“தம்பி, தமிழா?”

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை, தலையை மட்டும் ஆட்டினேன்.

“மேல என்ன பூசியிருக்கீங்க?”

“ரப்பர் பால்ண்ணே.”

“டின்ல விக்குதே, அதா?”

“இல்லண்ணே, மரத்துப் பால். அப்பா வெட்டுறாரு.”

அவர் கவசக் கையுறையைக் கழற்றிவிட்டு வெறும் கையால் வாளைத் தடவினார். அடி முதல் நுனி வரை, மெதுவாக. “என் தாத்தாவும் பால் மரம் வெட்டினவர்தான், பந்திங் பக்கம். நான் என்னடான்னா டின் டின்னா வாங்கி அடிச்சிட்டு இருக்கேன்” என்றார். பிறகு தொண்டர்களிடம் மலாயில் விளக்கினார், இது உலோகமில்லை, ரப்பர், இவர் அப்பா தோட்டத்திலிருந்து கொண்டுவந்தது என்று. அந்தத் தொண்டர் சிரித்துக்கொண்டே வாளில் சோதனைச் சீட்டை ஒட்டினார். அதற்குள் நாலைந்து பேர் கூடிவிட்டார்கள், எத்தனை பூச்சு, எவ்வளவு நேரம் காய வேண்டும் என்று கேள்வி மேல் கேள்வி. கறுப்பு இச்சிகோ என்று சிரித்தவர்களில் ஒருவரும் வந்து தொட்டுப் பார்த்தார். அன்று முழுக்க அல்போன்ஸ் அண்ணன் என்னைக் கூடவே வைத்துக்கொண்டார். ஓவியர்கள் கடை போட்டிருக்கும் பகுதி, யாரைப் படம் எடுத்தாலும் முதலில் கேட்டுவிட்டு எடுக்க வேண்டும் என்ற பழக்கம், மதியம் வெளியே கே.எல்.சி.சி. பூங்காவில் மர நிழலில் உட்கார்ந்து சாப்பிடுவது, எல்லாம் அவர் சொல்லித் தந்தவை.

இரவு வீட்டுக்கு வந்ததும் அப்பா கேட்டது ஒன்றே ஒன்றுதான், “பால் உரிஞ்சுச்சா?” இல்லப்பா என்றேன்.

அதற்கடுத்த வருடங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2015இல் இ.டி.எஸ். நம் ஊரிலேயே நிற்க ஆரம்பித்தது, மோட்டாரில் ஈப்போ போகும் வேலை போனது. ஒருவனாகப் போனவன் நாலு பேர் ஆனோம், 2018இல் ஒரு வேன் நிறையப் போனோம். மற்றதை நீங்கள் எழுதுங்கள்.

* * *

அண்ணா, 2019இல் அந்த வேனில் நெஸுகோ வேஷத்தில் வந்தவள் நான். என் பாட்டியும் வந்தார்களே, நினைவிருக்கிறதா?

நெஸுகோ வரும் ‘டீமன் ஸ்லேயர்’ அனிமே அந்த வருடம் ஏப்ரலில்தான் தொடங்கியது, டிசம்பருக்குள் எல்லாருக்கும் பைத்தியம் பிடித்திருந்தது. நெஸுகோவின் இளஞ்சிவப்புக் கிமோனோவில் நட்சத்திரம் நட்சத்திரமாக ஒரு கோட்டு வேலை இருக்கும், சணல் இலை வடிவம் என்று ஜப்பானில் சொல்வார்கள். அச்சடித்த துணி வாங்கக் காசு இல்லை. அளவுகோல் வைத்துக் கோடு போட்டுப் போட்டு அழித்துக்கொண்டிருந்தேன். பாட்டி பார்த்துவிட்டு, “இது புள்ளிக் கோலம்டி, புள்ளி வச்சா கோடு தானா வரும்” என்றார்கள். துணியைத் தரையில் விரித்து, சுண்ணாம்புக் கட்டியால் புள்ளி வைத்தார்கள், ஊடுபுள்ளி. நான் தூரிகையால் சேர்த்தேன். மூன்று ராத்திரி. நெஸுகோ வாயில் வைத்திருக்கும் மூங்கில் துண்டை ஆற்றோரத்தில் வெட்டி வந்து, வாயில் கவ்வுவதாச்சே என்று மஞ்சள் போட்டு வேகவைத்துத் தந்தார்கள்.

நான் எழுத வந்தது இதுவல்ல. கூடத்துக்கு வெளியே சுவரோரம் பாட்டி சேலையோடு கால் நீட்டி உட்கார்ந்திருந்தார்கள். எதிரே ஒரு சீனப் பெண், பெரிய சிறகு வைத்த உடை, தோள்பட்டை வார் அறுந்து, சிறகைக் கையில் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். மேடை ஏற இன்னும் கொஞ்ச நேரம்தானாம். பாட்டி “மாரி, மாரி” என்று மலாயில் ‘இங்கே வா’ எனக் கூப்பிட்டார்கள். தாலிக்கொடியில் எப்போதும் நாலைந்து ஊக்கு தொங்கும், பார்த்திருப்பீர்கள். ஒவ்வொன்றாகக் கழற்றி, அறுந்த வாரை மடித்துக் குத்தி, வெளியே தெரியாமல் துணியைச் சொருகி, சிறகை இரண்டு முறை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் விட்டார்கள். அவள் “தெரிமா காசே, நெனெக்” (நன்றி பாட்டி) என்று பாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள், விடவே இல்லை. பிறகு மேடையில் அந்தச் சிறகு விரிந்தபோது பாட்டி என் கையைக் கிள்ளி, “ஊக்கு நிக்குது பாரு” என்றார்கள்.

சாயங்காலம் அந்தப் பெண் தேடி வந்து ஊக்குகளைத் திருப்பித் தந்தாள். பாட்டி ஒன்றை மட்டும் அவளிடமே கொடுத்துவிட்டார்கள். அடுத்த வருடம் கோவிட், மார்ச் 18இலேயே நடமாட்டக் கட்டுப்பாடு வந்துவிட்டது, டிசம்பரில் போக எதுவும் இல்லை. பாட்டி டிசம்பர் பிறந்ததும் கேட்டார்கள், “அந்த ரெக்கைப் பிள்ளை எப்படியிருக்காளோ?” 2022இல் மறுபடி போனபோது நானும் ஒவ்வொரு சிறகாகப் பார்த்துக்கொண்டே நடந்தேன். காணவில்லை. இதைப் படிப்பவர்கள் யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள்.

* * *

நான் அனிமே பார்க்கிறவன் இல்லை தம்பி, வேன் ஓட்டுகிறவன். பள்ளி விடுமுறையில் வேன் சும்மா நிற்குமே என்றுதான் முதல் தடவை ஒத்துக்கொண்டேன். ஏறக்குறைய 230 கிலோமீட்டர், ராத்திரி மூன்று மணிக்குக் கிளம்புவோம். எனக்குப் பிடித்தது தாப்பா ஓய்விடத்தில் நிற்பதுதான். இருட்டு விலகாத நேரம், நாசி லெமாக் கடையில் நம் பிள்ளைகள் பாதி வேஷத்தில் வரிசையில் நிற்பார்கள், ஒருத்தி முகத்துக்கு மாவு பூசுவாள், ஒருத்தன் அவளுக்குக் கண்ணாடி பிடிப்பான். லாரி ஓட்டும் ஒரு மலாய்க்கார அண்ணன் இறங்கி வந்து, தன் மகனும் இதைத்தான் பார்க்கிறான் என்று வீடியோ அழைப்பு போட்டுக் காட்டினார். அந்தப் பக்கம் பையன் படுக்கையில் எழுந்து உட்கார்ந்து பேர் பேராகச் சொல்லிக் கத்தினான். எனக்கு ஒரு பெயரும் தெரியாது, ஆனால் வண்டியை எடுக்க மனசு வரவில்லை. இப்போதெல்லாம் வருடா வருடம் டிசம்பரில் அந்தச் சனிக்கிழமைக்கு வேறு சவாரி எடுப்பதில்லை.

* * *

இரண்டையும் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன், ஊக்கு கதையில் அம்மா நிறுத்தி மறுபடி படிக்கச் சொன்னார். வாள் என்ன ஆனது என்று சிலர் தனியாகக் கேட்டிருக்கிறீர்கள். மரத்துப் பாலுக்கு வெயிலும் காற்றும் ஆகாது, வருடம் போகப் போக ஒட்டிப் பிசுபிசுக்கும், அப்புறம் வெடிக்கும். இதுவும் நுனியில் வெடித்துவிட்டது. அப்பா போன வாரம் அந்தப் பகுதியை மட்டும் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாக மூன்று பூச்சு கொடுத்திருக்கிறார். இன்னும் மூன்று வேண்டும், ஆனால் இரண்டு நாளாக விடாமல் மழை.