வெண்கலக் காண்டாமிருகத்தால் காட்டுக்கு என்ன பயன்?

பட்டறை_மாரி:
வணக்கம். கோவையில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். கேட்டு, கிரில், ஷெட் வேலைதான் பிழைப்பு. மிஞ்சிக் கிடக்கும் நட்டு, போல்ட், பைக் செயின், பேரிங் குண்டு இதையெல்லாம் வைத்து ராத்திரியில் விலங்குகள் செய்வேன். அதைப் பார்த்த ஒரு பள்ளிக்கூடத்தார் ஆளுயரச் சிறுத்தை ஒன்று கேட்கிறார்கள். வாசலில் நிறுத்தி, 'காட்டைக் காப்போம்' என்று பலகை வைப்பார்களாம்.

எனக்கு இந்த ஆசை வந்ததே நியூயார்க்கில் 2018 மார்ச்சில் வைத்த வெண்கலச் சிலையின் படத்தைப் பார்த்துத்தான். கில்லி, மார்க் என்ற கலைஞர் தம்பதி செய்தது. மூன்று காண்டாமிருகங்கள், ஒன்றின்மேல் ஒன்றாக, சுமார் 17 அடி உயரம். வடக்கு வெள்ளைக் காண்டாமிருகம் என்ற இனத்தில் அப்போது உலகத்திலேயே மிஞ்சியிருந்தவை அந்த மூன்றுதான்: சூடான், அவன் மகள் நாஜின், பேத்தி ஃபாட்டு. சிலையைத் திறந்த சில நாளில், மார்ச் 19-ல், கென்யாவில் சூடான் இறந்துபோனான். 45 வயது. அன்றைக்கு எனக்கு வேலையே ஓடவில்லை.

இப்போது சந்தேகம் வந்துவிட்டது. சிலையால் ஒரு விலங்குக்கு ஏதாவது நடக்குமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

காட்டுத்தடம்:
மாரி அண்ணா, உங்கள் மனசு புரிகிறது. ஆனால் நடக்காது என்றுதான் நான் சொல்வேன். ஒன்பது வருஷம் வேட்டைத் தடுப்புக் காவலராக, தினக்கூலியில், காட்டுக்குள் நடந்தவன் நான்.

அந்த இனத்தின் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். 1960 வாக்கில் சுமார் 2,000 இருந்தன. கொம்புக்காகச் சுட்டுச் சுட்டு 1984-ல் காங்கோவின் கரம்பா பூங்காவில் 15 மட்டும் மிஞ்சின. அப்புறம் அங்கே காவலைப் பலப்படுத்தினார்கள். இருபது வருஷத்தில் 15 என்பது 30 ஆனது. பிறகு சண்டையில் காவல் குலைந்தது, ஆயுதக் கும்பல்கள் உள்ளே வந்தன, சில வருஷத்தில் ஒன்றுகூடக் காட்டில் இல்லை. ஏறியதும் காவலால், இறங்கியதும் காவல் போனதால். இதில் சிலைக்கு எங்கே இடம்?

நியூயார்க் சிலையைப் பார்த்தவர்களிடம் அந்த விலங்குகளுக்கு விடைசொல்லும் செய்தி கேட்டு வாங்கினார்கள். பத்து லட்சம் சேர்ப்பது திட்டம். எனக்கு அதுதான் தாங்கவில்லை. நாஜினும் ஃபாட்டுவும் உயிரோடு இருக்கும்போதே விடைசொல்ல என்ன அவசரம்? 2019-லிருந்து ஃபாட்டுவிடம் கருமுட்டை எடுத்து, சேமித்து வைத்த விந்தோடு சேர்த்துக் கருக்கள் உருவாக்கி உறைய வைத்திருக்கிறார்கள். விடைசொல்லாமல் வேலை பார்ப்பவர்கள் அவர்கள்.

பட்டறை_மாரி:
கரம்பா கதை எனக்குத் தெரியாது தம்பி. ஆனால் ஒன்று. அந்தச் சிலை இல்லையென்றால் நாஜின் என்ற பெயரே கோவையில் ஒரு வெல்டருக்குத் தெரிந்திருக்காது.

காட்டுத்தடம்:
தெரிந்து என்ன செய்தீர்கள் அண்ணா? தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், உண்மையாகவே கேட்கிறேன். எங்கள் முகாமில் மழைக்காலத்துக்கு நல்ல பூட்ஸ் கிடையாது. அட்டைக்கடியோடு நடப்போம். ஒரு வெண்கலச் சிலைக்கு ஆகும் செலவில் எத்தனை முகாமுக்கு எத்தனை வருஷம் அரிசி போடலாம் என்று கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறேன். மனசு ஆறவில்லை.

நீங்கள் சிறுத்தை செய்யப் போகிறீர்கள். சிறுத்தை எப்படிச் சாகிறது தெரியுமா? எங்கள் பக்கம் பெரும்பாலும் துப்பாக்கி இல்லை. கிளட்ச் ஒயர். பன்றிக்கு என்று வேலி சந்தில் சுருக்கு வைப்பார்கள், அந்தச் சந்தில் சிறுத்தையும் நுழையும். இடுப்பில் மாட்டும். இழுக்க இழுக்க இறுகும். மயக்க ஊசி போட ஆள் வருவதற்குள் உள்ளுறுப்பு நசுங்கியிருக்கும். அப்படி ஒன்றை நான் கடைசிவரை பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். அந்தச் சத்தம் பள்ளிக்கூட வாசல் சிலையில் வராது.

கம்பாலா_தமிழன்:
நான் உகாண்டாவில் இருக்கிறேன். காட்டுத்தடம் சொன்ன கம்பிச் சுருக்கு இங்கேயும் உண்டு. பழைய டயரை எரித்து, உள்ளிருக்கும் எஃகுக் கம்பியை உருவிச் சுருக்காக்குகிறார்கள். மர்ச்சிசன் நீர்வீழ்ச்சி தேசியப் பூங்காவில் மான், எருமைக்கு வைத்ததில் சிங்கம் கால் இழக்கிறது, ஒட்டகச்சிவிங்கியும் மாட்டுகிறது.

அந்தப் பூங்காவை ஒட்டி நைல் ஓரம் பக்வாச் என்ற சின்ன ஊர். அங்கே மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள் உள்ளூர் இளைஞர்களோடு சேர்ந்து 'ஸ்நேர்ஸ் டு வேர்ஸ்' (சுருக்கிலிருந்து சரக்கு) என்று ஒன்று நடத்துகிறார்கள். சுருக்குக் கம்பியை வளைத்துப் பின்னி யானை, சிங்கம், ஒட்டகச்சிவிங்கி செய்து விற்கிறார்கள். முன்பு சுருக்கு வைத்தவர்களும் செய்பவர்களில் உண்டு. விற்ற காசு அவர்கள் வீட்டுக்குப் போகிறது.

ஆக, சிலையே வீண் என்று ஒரேயடியாகச் சொல்லாதீர்கள். கறிக்காகக் காட்டுக்குள் போன கை வேறு வேலைக்குப் போகிறது.

காட்டுத்தடம்:
இது நல்ல விஷயம், ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் ஒரு பயம் இருக்கிறது. கம்பிக்கு விலை வைத்தால், விற்பதற்கென்றே கம்பி வரும். நூறு பொம்மை விற்றால் நூறு சுருக்கு குறைந்தது என்று யாரும் சொல்ல முடியாது. கம்போடியா, லாவோஸ், வியட்நாம் மூன்று நாட்டுப் பாதுகாக்கப்பட்ட காடுகளில் மட்டும் 1.2 கோடிக்கு மேல் சுருக்கு கிடக்கலாம் என்று 2020-ல் உலக இயற்கை நிதியம் மதிப்பிட்டது. நாங்கள் எடுத்துப் போட்ட மறுவாரம் அதே தடத்தில் புதுக் கம்பி இருக்கும். வைப்பது அவ்வளவு சுலபம்.

கம்பாலா_தமிழன்:
சுலபம்தான். அதனால்தான் காவலால் மட்டும் முடியாது என்கிறேன். இங்கே மர்ச்சிசன் பூங்கா 3,800 சதுர கிலோமீட்டருக்கு மேல். ஒவ்வொரு புதரிலும் ஆள் நிறுத்த முடியுமா? வைக்கிற கைக்கு வேறு சோறு வேண்டும்.

கூடலூர்_மலர்:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். எங்கள் ஊர் யானைச் சிலைகளைப் பற்றி ஒருவரும் பேசவில்லையே. உலோகம் இல்லை, லாந்தானா என்கிற உண்ணிச்செடி. உள்ளே எலும்புக்கூடு மட்டும் இரும்புக் கம்பி. பெட்டக்குறும்பர், பணியர், காட்டுநாயக்கர், சோளிகர் மக்கள் உண்ணிச்செடியை வெட்டி, கொதிக்க வைத்து, பட்டை உரித்து, அந்தக் கம்பிக்கூட்டின்மேல் வளைத்துக் கட்டுகிறார்கள். ஒவ்வொன்றும் இங்கே நடமாடும் ஒரு நிஜ யானையைப் பார்த்துச் செய்தது. 2021-ல் லண்டன் பூங்காக்களில் நின்றன. 2024-ல் 100 யானைகள் அமெரிக்கா போயின, நியூயார்க்கிலும் நின்றன.

வெள்ளைக்காரர்கள் அழகுக்குக் கொண்டுவந்த செடி இது. இன்றைக்கு இந்தியாவில் புலி வாழும் காடுகளில் 40 சதவீதத்தைப் பிடித்துவிட்டது. அதன் கீழே புல் முளைக்காது, புல் இல்லையென்றால் மானுக்கும் யானைக்கும் தீனி இல்லை. வெட்ட வெட்டக் காட்டுக்கு நல்லது, கட்டக் கட்டக் குடும்பத்துக்கு நல்லது. என் பெரியம்மா மகன் இந்த வேலைக்குப் போனான். காலைப் பனியில் அவனை வழிமறித்து நின்ற யானையை அவனே கட்டினான். அதற்கு முன் யானை என்றாலே பயிரை மிதிப்பது என்று திட்டுகிறவன்.

காட்டுத்தடம் சகோ, உங்கள் கோபம் எனக்கும் உண்டு. ஆனால் எதிலிருந்து செய்தது, காசு யாருக்குப் போனது என்று பார்க்காமல் எல்லாச் சிலையையும் ஒரே தராசில் வைக்காதீர்கள்.

காட்டுத்தடம்:
உண்ணிச்செடி யானையை நான் குறை சொல்ல மாட்டேன். அதை வெட்டி எடுக்கும் கஷ்டம் தெரியும், கை முழுக்கக் கீறல். 40 சதவீதத்துக்கு 100 யானை எந்த மூலைக்கு என்ற கேள்வி மட்டும் இருக்கிறது.

வெண்கலத்தைப் பற்றி என் கருத்து மாறவில்லை.

பட்டறை_மாரி:
ரெண்டு நாளாகப் படித்துக்கொண்டே இருந்தேன். நான் வெண்கலம் ஊற்றுகிறவன் இல்லை, சுவாமிமலை ஸ்தபதியும் இல்லை. என்னிடம் இருப்பது காயலான் கடை இரும்பு. தம்பி அந்தச் சிறுத்தையைப் பற்றி எழுதியதிலிருந்து கை ஓடவில்லை. நான் போட்டிருந்த வரைபடத்தில் அது பாறைமேல் கம்பீரமாக நிற்கிறது. அதை அழித்துவிட்டேன்.

கம்பியோடு செய்யலாம் என்று நினைக்கிறேன். இடுப்பில் இறுகியபடி. எடுத்த சுருக்குக் கம்பி கொஞ்சம் கிடைக்குமா?

காட்டுத்தடம்:
கிடைக்காது அண்ணா. விலங்கு மாட்டிய கம்பி வழக்குச் சொத்து, மகஜரில், அதாவது பறிமுதல் பதிவில், ஏறிவிடும். சும்மா கிடந்து எடுத்ததும் அலுவலகக் கணக்கில் இருக்கும். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி சுருக்கு வைப்பதும் வேட்டைதான், விளையாட்டு இல்லை. பக்கத்து மெக்கானிக் கடையில் அறுந்த கிளட்ச் ஒயர் கேளுங்கள். சாட்சாத் அதே ஒயர்தான்.

குழந்தைகள் பயப்படுவார்கள் என்று பள்ளியில் மறுப்பார்களே?

பட்டறை_மாரி:
கேட்டேன். தலைமை ஆசிரியை யோசித்துச் சொல்கிறேன் என்றார். பாதிப் பிள்ளைகள் தோட்டக்காரர் வீட்டுப் பிள்ளைகளாம், வேலி சந்து அவர்களுக்குத் தெரிந்த இடம் என்றும் சொன்னார். கூலியில் பாதியை உங்கள் பழைய முகாமுக்குப் பூட்ஸாக வாங்கித் தருகிறேன். எத்தனை பேர், என்ன அளவு?

காட்டுத்தடம்:
ஐந்து பேர். அளவு கேட்டுச் சொல்கிறேன். அப்புறம், கம்பியை வயிற்றுக்குக் கீழே, பின்னங்காலுக்குச் சற்று முன்னால் வையுங்கள். தலை நிமிர்ந்திருக்கக் கூடாது. திரும்பிக் கம்பியைக் கடிக்கிற மாதிரி இருக்க வேண்டும். நான் பார்த்தது கடைசிவரை கடித்துக்கொண்டேதான் இருந்தது.