கல்யாணப் பத்திரிகையை வீட்டிலேயே அடிக்க எந்தப் பிரிண்டர், எந்தத் தாள்?

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் சேலம் அம்மாப்பேட்டை. தை மாதம் தங்கைக்குக் கல்யாணம். ஊருக்கு வைக்கும் பத்திரிகை அச்சகத்தில் தயாராகிறது. நெருங்கிய சொந்தங்களுக்கு மட்டும் 100 பத்திரிகை, தங்கையே வரைந்த மல்லிகைக் கொடி ஓரத்தோடு, வீட்டில் அடிக்க ஆசை.

தாள் 250 அல்லது 300 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்), ஏ4 அளவு. நடுவில் மடித்தால் ஏ5. வீட்டுப் பிரிண்டர் பலவற்றில் தாள் முன்பக்கம் நுழைந்து வளைந்து திரும்புகிறது. இவ்வளவு தடிமன் அதில் சிக்கிக்கொள்ளும். பின்பக்கமிருந்து தாள் இறங்கும் இங்க் டேங்க் பிரிண்டரில் இந்தத் தாளை அடித்தவர்கள் யாராவது இருந்தால் மாடல் பெயர் சொல்லுங்கள். 18,000 ரூபாய் வரை போகலாம்.

என் பெரிய கவலை மஞ்சள்தான். நான்கு மூலையிலும் குழைத்த மஞ்சளைத் தொட்டு வைப்போம். டை இங்க் (தண்ணீரில் கரையும் சாய மை) என்றால் ஈரம் பட்டதும் ஓரத்துப் பூவெல்லாம் ஊறிக் கலங்கிவிடும். பிக்மென்ட் இங்க் (கரையாத நிறத்துகள் கலந்த மை) தாங்கும், ஆனால் பல மாடல்களில் கறுப்பு மட்டுமே பிக்மென்ட், கலர் மூன்றும் டை. லேசரில் ஈரப் பயம் இல்லை. ஆனால் சொரசொரப்பான தாளில் டோனர் (லேசர் பிரிண்டரின் மைத்தூள்) சரியாகப் பிடிக்காது, மடிப்பில் உதிரும். அம்மாவுக்கு மினுமினுக்கும் மெட்டாலிக் தாள் மேல் கண். சாதாரண இங்க் அதில் காயாமல் கையில் ஒட்டும் என்பதால் மேட் தாளே போதும் என்கிறேன். சரிதானே?

செவ்வாய்ப்பேட்டை பக்கம் இந்தத் தாள் சில்லறையாகக் கிடைக்குமா? மடிக்கும் வேலை ஏற்காட்டில் பெரியம்மா வீட்டில். அந்தப் பனி ஈரத்தில் தாள் சுருளாமல் வைக்க வழி தெரிந்தாலும் சொல்லுங்கள்.